அட்டையில் எழுதாத நஞ்சு: வன்னிப் பிரதேச சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலும் மன்னாரின் பெருநிலப் பகுதியிலும் உள்ள பிரதேச சபைகளின் தவிசாளர்கள், உறுப்பினர்கள், செயலாளர்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சந்தை உங்களுடையது. கடை அனுமதிப்பத்திரம் உங்கள் அலுவலகத்திலிருந்துதான் போகிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் உபவிதி இயற்றும் அதிகாரத்தை உங்களுக்குத் தந்திருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டப்படி பரிசோதகர் கடைக்குள் போகலாம், மாதிரி எடுக்கலாம். ஆகவே அட்டையில்லாத உணவில் சேரும் நஞ்சைப் பற்றிக் கொழும்புக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறோம்.

உணவில் ஒளிந்திருக்கும் இரசாயனம் என்றதும் இப்போது ஆட்கள் பிஸ்கற் பைக்கற்றைத் திருப்பி, சேர்மானங்களைக் குறிக்கும் 'ஈ' எண்களைத் தேடுகிறார்கள். ஈ 330 என்பது தேசிக்காயில் உள்ள சித்திரிக் அமிலம். ஈ 300 உயிர்ச்சத்து சீ. ஈ 100 மஞ்சளின் சொந்த நிறமி. பைக்கற் உணவில் சீனியும் உப்பும் கூடுதல் என்பது வேறு கதை, அதற்கு நிறக்குறியீடு இருக்கிறது. எழுதி வைத்ததைப் படித்துவிட்டு வாங்காமல் விடலாம். எங்கள் கவலை அட்டையே இல்லாத பண்டங்களைப் பற்றியது: சாக்கில் வரும் கச்சான், தரையில் குவித்த பயிற்றங்காய், நிறுத்து விற்கும் மஞ்சள்தூள், வடைத் தாச்சியில் கிடக்கும் எண்ணெய். இவற்றில் நஞ்சு சேர்வது களத்திலும் கோடிப்புறத்திலும் கடையின் பின்னறையிலும்தான். அத்தனை இடமும் உங்கள் எல்லைக்குள் இருக்கிறது. காலாவதித் திகதி பார்ப்பதோடு பரிசோதனை முடிந்தால் இவை ஒன்றும் அகப்படாது.

கச்சானிலிருந்து தொடங்குகிறோம். முறிகண்டியில் பஸ் நின்றால் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு ஒரு பை கச்சானோடு ஏறாதவர் குறைவு. வன்னிக்குப் பேர் வாங்கித் தந்த பண்டம் அது. அதில் வரும் சிக்கலுக்கு ஒருவரும் எதையும் கலக்கத் தேவையில்லை. மண்ணிலேயே வாழும் அஸ்பெர்ஜிலஸ் என்ற பூஞ்சணம் ஈரப் பருப்பில் வளர்ந்து அஃப்ளடொக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. 2021இல் இறக்குமதியான தேங்காயெண்ணெயில் அகப்பட்டு நாடே பேசியது இந்த நஞ்சைத்தான். அதற்கு நிறமில்லை, மணமில்லை. வறுத்தால் ஒரு பங்கு குறையும், அவித்தால் அசையாது. 2004இல் கென்யாவில் ஈரத்தோடு சேமித்த சோளத்தைச் சாப்பிட்டு 317 பேர் நோயுற்றார்கள், 125 பேர் இறந்தார்கள். அப்படி ஒரேயடியாகத் தாக்குவது அரிது. சிறுகச் சிறுக ஆண்டுக்கணக்கில் உள்ளே போய் ஈரலைக் கெடுப்பதே அதன் வழமை. ஈரல் அழற்சி 'பி' வைரஸ் உடலில் உள்ளவருக்கு ஈரல் புற்றுநோய் வரும் ஆபத்தை அது பல மடங்காக்குகிறது.

மேலும் பதப்படுத்தவுள்ள கச்சானுக்குச் சர்வதேச உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் ஆணைக்குழு வைத்திருக்கும் எல்லை கிலோவுக்கு 15 மைக்கிரோகிராம். அந்த அளவைக் கண்ணாலும் நாக்காலும் பிடிக்க முடியாது. அது உண்டாகும் வழியைத்தான் அடைக்க வேண்டும்.

பிடுங்குவதற்கு முந்திய மூன்று நாலு கிழமையில் மண் காய்ந்து சூடேறினால், பூஞ்சணம் நிலத்துக்குள் இருக்கும்போதே கோதுக்குள் ஏறிவிடும். தண்ணீர் வசதி உள்ளவர்கள் அந்தக் காலத்தில் ஒரு தடவையாவது இறைக்க வேண்டும். பெரும்பாலான காய்களில் கோதின் உட்புறம் கபில நிறமானதும் பிடுங்கிவிட வேண்டும். மண்வெட்டி பட்ட காயையும் பூச்சி துளைத்த காயையும் தோட்டத்திலேயே ஒதுக்க வேண்டும். பிடுங்கிய செடியைக் காய் மேலே பார்க்கக் கவிழ்த்து இரண்டு மூன்று நாள் விட்டு, பிறகு ஆய்ந்து, படங்கில் இரண்டு அங்குலத்துக்கு மேற்படாமல் பரப்பி, நாளுக்கு நாலைந்து தடவை கிளறி, பொழுதுபட மூட வேண்டும். வெறும் மண்ணில் பரப்பினால் கீழ்ப்படை இரவெல்லாம் ஈரம் குடிக்கும்.

காய்ந்ததா என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். காயைக் காதருகில் ஆட்டினால் பருப்பு கலகலக்க வேண்டும், பருப்பின் தோல் விரலுக்கு உரிய வேண்டும். இவை நல்ல அடையாளங்கள், ஆனாலும் போதாது. கோதோடு 9 முதல் 10 வீதம், பருப்பாக 7 முதல் 8 வீதம் ஈரப்பதன் வரும்வரை காய வேண்டும். போத்தலில் காய்ந்த உப்பைப் போட்டுக் குலுக்கிப் பார்க்கும் முறை ஏறக்குறைய 15 வீதத்தையே காட்டும். சோளத்துக்கு அது உதவும், கச்சானுக்கு உதவாது. கச்சானுக்கு ஈரமானி வேண்டும். தனி விவசாயி அதை வாங்கமாட்டார். அறுவடைக் காலத்தில் கொள்வனவு நடக்கும் ஒவ்வொரு சந்தையிலும் சபை ஒன்றை வைத்து, இலவசமாக அளந்து சொல்லலாம்.

இவ்வளவு பாடுபட்டுக் காயவைத்த கச்சானைக் கெடுப்பது பெரும்பாலும் ஒரு வாளித் தண்ணீர். உடைக்கச் சுலபம், பருப்பு பிளக்காது, நிறையும் கூடும் என்று கோதின்மேல் தண்ணீர் தெளித்து உடைக்கும் பழக்கம் இருக்கிறது. நனைந்த பருப்பைச் சாக்கில் கட்டி அடுக்கினால் உள்ளே சூடேறி, சில நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். கோதுடைக்கும் இடங்களுக்கான அனுமதிப்பத்திரத்தில் 'நனைத்து உடைக்கக் கூடாது' என்று ஒரு வரி எழுதுங்கள். கச்சானுக்காக நீங்கள் ஒன்றே ஒன்று செய்வதானால் அது இதுவாக இருக்கட்டும்.

அடுத்தது கழிவுப் பருப்பு. ஒரு சாக்கில் உள்ள நஞ்சின் பெரும்பகுதி சொற்பப் பருப்புகளிலேயே குவிந்திருக்கும். சுருங்கியது, நிறம் மாறியது, தோல் கிழிந்தது, பூஞ்சணம் பிடித்தது ஆகியவற்றைக் கையால் பொறுக்கினாலே நஞ்சு வெகுவாகக் குறையும். பொறுக்கியது எங்கே போகிறது என்பதே கேள்வி. முழுப் பருப்பாக விற்க முடியாதது இடித்துச் செய்யும் இனிப்புக்கும் மிக்சருக்கும் போனால் பொறுக்கியதில் பயனில்லை. மாட்டுத் தீவனத்துக்குப் போனால் நஞ்சு உருமாறிப் பாலில் வரும். செக்கில் ஆட்டினால் வடித்தெடுக்காத எண்ணெயிலும் ஒரு பங்கு சேரும். கழிவை எரிக்க வேண்டும், அல்லது புதைக்க வேண்டும். பரிசோதகர் கடையில் முதலில் பார்க்க வேண்டியது முன்னால் உள்ள தட்டை அல்ல, மூலையில் உள்ள கழிவுச் சாக்கை.

வவுனியாப் பக்கம் உழுந்தும் பயறும் அடுத்த அறுவடை வரை வீட்டில் கிடக்கும். வண்டு விழாமலிருக்கப் பூச்சிநாசினித் தூளைப் பிரட்டி வைப்பதும், அலுமினியம் பொஸ்பைட் குளிசையைச் சாக்குக்குள் போடுவதும் நடக்கிறது. விதைக்கென்று வைத்தது பஞ்சத்தில் தோசைக்கு அரைபடும். குளிசை இன்னும் மோசம். 3 கிராம் குளிசை ஒன்று காற்றின் ஈரம் பட்டு 1 கிராம் பொஸ்பீன் வாயுவை விடும். அந்த வாயு சாக்குக்குள் நிற்காது, சுவர் வெடிப்பாலும் கூரை இடுக்காலும் அடுத்த அறைக்குப் போகும். அந்த நஞ்சை முறிக்கும் மருந்தும் இல்லை. ஆள் படுக்கும் வீட்டில் அதைப் பாவிக்கவே கூடாது. சில்லறைக் கடையில் அது தனிக் குளிசையாக விற்கப்பட்டால் அன்றே பறிமுதல் செய்யுங்கள்.

நஞ்சில்லாத வழிகள் இருக்கின்றன, கைக்காசும் பெரிதாகப் போகாது. கறுப்புப் படங்கில் தானியத்தை மெல்லியதாகப் பரப்பி, மேலே தெளிந்த பொலித்தீனால் மூடி ஓரங்களில் கல் வைத்து, உச்சி வெயிலில் விட்டால் உள்ளே 57 பாகை தாண்டும். அந்தச் சூட்டில் ஒரு மணித்தியாலம் நின்றால் முட்டையும் புழுவும் சாகும். ஆறவிட்டு, காய்ந்த பிளாஸ்ரிக் போத்தலில் கழுத்துவரை நிரப்பி இறுக மூடினால், தப்பிய வண்டும் ஒட்சிசன் தீர்ந்து சாகும். பாதி நிரப்பிய போத்தலில் இது நடக்காது, உள்ளே காற்று மிஞ்சிவிடும். விதைக்கு வைப்பதானால் கிலோவுக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய் பிரட்டலாம். இளஞ்சிவப்புச் சாயம் பூசி வரும் விதையில் மீந்ததை எந்தக் காரணத்துக்காகவும் மில்லுக்குக் கொண்டுபோகக் கூடாது. அந்தச் சாயமே 'இது சாப்பாடில்லை' என்று காட்டத்தான்.

மரக்கறிக்கு 'மருந்து' அடிப்பதைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. விவசாயியைத் திட்டுவதும் வழக்கமாகிவிட்டது. கணக்கைப் பாருங்கள். பயிற்றங்காயை இரண்டு மூன்று நாளுக்கொரு தடவை ஆய வேண்டும், விட்டால் முற்றிவிடும். போத்தல் துண்டில் 'அடித்து 14 நாளின் பின் அறுவடை' என்று இருந்தால், காய்ப்புக் காலத்தில் அந்த மருந்தை விதிப்படி அடிக்க ஒருவராலும் முடியாது. கத்தரிக்கும் பாகலுக்கும் இதே கதைதான். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, காய்ப்புத் தொடங்கிய பயிருக்கு எந்த மருந்தை விற்றார்கள் என்பது. மருந்துக் கடைகளில் காத்திருப்பு நாள் குறைந்தவற்றைத் தனித்தட்டில் வைத்து, நாளைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டச் செய்யலாம். வாங்குபவர் பூ விட்ட பயிருக்கா, கன்றுக்கா என்று கடைக்காரர் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

வீட்டில் கழுவுவதற்கும் ஒரு எல்லை உண்டு. மேலே ஒட்டியிருப்பது ஓடும் தண்ணீரில் தேய்த்தால் குறையும். 1 லீற்றர் தண்ணீருக்கு 10 கிராம் அப்பச்சோடா கரைத்து 15 நிமிடம் ஊறவிட்டால் சில மருந்துகள் இன்னும் குறையும். செடிக்குள் ஊடுருவும் வகை மருந்து எந்தக் கழுவலுக்கும் போகாது.

பழத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். கல்சியம் காபைட் கல்லைப் பேப்பரில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தால், பழம் விடும் ஈரத்தில் அசற்றிலீன் வாயு வரும், தோல் மஞ்சளாகும். சந்தையில் கிடைக்கும் கல் சுத்தமானதல்ல. ஆர்செனிக்கும் பொஸ்பரசும் அதில் கலந்திருக்கும், வாயுவோடு அவையும் வெளிவரும். எத்திலீன் என்பது பழம் தானே சுரப்பது. அதைக்கொண்டு பழுக்கவைப்பதில் ஆபத்தில்லை. வாழைக்கு 18 முதல் 20 பாகைக் குளிரில், பத்து இலட்சத்தில் நூறு பங்கு எத்திலீன் 24 மணித்தியாலம் போதும். பிறகு கதவைத் திறந்து கரியமில வாயுவை வெளியேற்ற வேண்டும். குலை கூடுதலாக வரும் ஒரு சந்தையில் சபை இப்படி ஓர் அறை கட்டிக் குலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கலாம். அதுவரை குழியில் வைத்துப் பொச்சுப் புகை போடும் பழைய முறையை ஏளனம் செய்ய வேண்டாம். கடைக்காரர் காபைட்டுக்குப் போவது கெட்ட எண்ணத்தால் அல்ல, நாளைக்கே விற்க வேண்டியிருப்பதால்.

மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் விடயத்தில் எங்களுக்குப் பெரிய தலையிடி கைத்தொலைபேசியில் சுற்றும் 'வீட்டுச் சோதனை'கள். 2020இல் இறக்குமதி முடங்கி, மஞ்சள் கிலோ ஆயிரக்கணக்கான ரூபாவுக்கு ஏறி, மன்னார்க் கடலால் மூட்டை மூட்டையாகக் கள்ளமாக வந்த நாட்களில் அவை பரவின. இன்னும் ஓயவில்லை. அயடீன் விட்டால் நீலமானால் மாக் கலப்பு என்கிறார்கள். மஞ்சள் கிழங்கிலேயே மாப்பொருள் உண்டு, சுத்த மஞ்சளும் நீலமாகும். தண்ணீர்க் குவளையில் போட்டால் கலப்படம் தெரியும் என்கிறார்கள். தண்ணீரில் கரையும் சாயம் மட்டும்தான் தெரியும். மிக ஆபத்தான கலப்படமான ஈயக் குரோமேற் கரையாது, மஞ்சளோடு சேர்ந்து அடியில் படியும். மிளகாய்த்தூளில் சேர்க்கும் சூடான் சாயமும் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். மிளகாயின் சொந்த நிறமும் எண்ணெயில் கரைவதால் அந்தச் சோதனையும் பலிக்காது. மிளகாய்த்தூளில் தண்ணீர்க் குவளை பிடிப்பது செங்கல் தூளையும் தண்ணீரில் கரையும் சாயத்தையும் மட்டும்.

பரிசோதகர் நம்பிச் செய்யக்கூடிய ஒன்று உண்டு. ஒரு சிட்டிகை மஞ்சளில் செறிந்த ஐதரோகுளோரிக் அமிலம் சில துளி விட்டால் ஊதாச் சிவப்பாகும். தண்ணீர் ஊற்றியதும் அந்த நிறம் மறைந்தால் அது மஞ்சளின் சொந்தக் குணம். மறையாமல் நின்றால் மெற்றானில் மஞ்சள் என்ற துணிச்சாயம் கலந்திருக்கிறது. இதைப் பாடசாலை ஆய்வுகூடத்தில் செய்யலாம், அடுப்படியில் செய்யக் கூடாது. ஈயத்துக்கு ஆய்வுகூடப் பகுப்பாய்வைத் தவிர வழியில்லை.

கிழங்காக வாங்கி இடித்தால் பயமில்லை என்பதும் முழுச் சரியல்ல. பங்களாதேசத்தில் கிழங்கின் மேற்பரப்பிலேயே ஈயக் குரோமேற்றைத் தேய்த்துப் பளபளப்பாக்கி விற்றார்கள். 2019இல் கண்டுபிடித்து, சந்தைகளில் கையடக்கக் கருவியோடு இறங்கித் தண்டம் விதித்ததால் 2021க்குள் அது சந்தையிலிருந்து மறைந்தது. கிழங்கைக் கையில் தேய்த்ததும் தூள் அப்பினால், அல்லது கழுவிய தண்ணீர் கடும் மஞ்சளானால் வாங்க வேண்டாம். பளபளப்பில்லாத, சுருங்கிய, மண்ணிறம் தட்டிய உள்ளூர்க் கிழங்கே நல்லது. பச்சை மஞ்சளை முக்கால் மணித்தியாலத்திலிருந்து ஒரு மணித்தியாலம் அவித்து இரண்டு கிழமை காயவைத்தால் ஐந்து கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கிடைக்கும். இந்தக் கணக்கைத் தெரிந்தவருக்கு, மலிவுத்தூள் எப்படி மலிவாகிறது என்பது விளங்கும்.

வடைத் தாச்சி: எண்ணெய் 180 பாகைக்கு மேல் போகக் கூடாது. அன்றன்று மாலையில் துணியில் வடிக்க வேண்டும். பழைய எண்ணெய்க்கு மேல் புது எண்ணெய் ஊற்றுவது புதியதையும் விரைவாகக் கெடுக்கும். வழமையான சூட்டிலேயே புகைந்தால், நுரை அடங்காமல் நின்றால், குளிர்ந்ததும் பாணி போல் இழுத்தால் கொட்ட வேண்டியதுதான். பல நாடுகளில், எண்ணெய் கெடக் கெடக் கூடும் முனைவுச் சேர்மங்கள் 25 வீதத்தைத் தாண்டினால் எண்ணெயைப் பாவிக்கத் தடை. அதை அளக்கும் சோதனைத் தாள் கிடைக்கிறது, பரிசோதகரின் பையில் இருக்க வேண்டும். பெரிய கடை விடும் எண்ணெயைச் சின்னக் கடை வாங்குவதே உண்மையான கேடு. சபையே அதைச் சேகரித்துச் சவர்க்காரம் செய்பவர்களுக்குக் கொடுத்தால் அந்த வழி அடைபடும். கூடவே, 2017 செப்ரெம்பரில் தடைசெய்த லஞ்ச் சீற் (சோறு கட்டும் மெல்லிய பொலித்தீன் தாள்) இன்றும் எங்கே கிடைக்கிறது என்று பாருங்கள். கொதிக்கும் சோற்றை அச்சடித்த பழைய பத்திரிகையில் கட்டுவதும் அதைவிட நல்லதில்லை.

பண்டத்தோடு பாத்திரத்தையும் பார்க்க வேண்டும். யூரியா வந்த உரப்பையில் அரிசி, கிருமிநாசினிக் கலனில் மண்ணெண்ணெய், சில வேளை பால். மருந்துக் கலனைக் கால்வாசி தண்ணீர் விட்டு மூடி, அரை நிமிடம் குலுக்கி, தெளிதாங்கிக்குள்ளேயே ஊற்ற வேண்டும். மூன்று தடவை இப்படிச் செய்து அடியில் ஓட்டை போட வேண்டும். அதன் பிறகும் அது கலன்தான், பாத்திரமாகாது. ஓட்டை போட்ட கலன்களைச் சேகரிக்கக் குளத்து வாய்க்கால் ஓரமாக அல்லாமல் வேறிடத்தில் ஒரு கூண்டு வையுங்கள்.

முல்லைத்தீவுக் கரையோரச் சபைகளுக்குத் தனியாக ஒரு சொல். பழைய பற்றரியை உடைத்து ஈயம் உருக்கி வலைக்குக் குண்டு வார்ப்பது சமையல் அடுப்பில், சமையல் சட்டியில் நடக்கக் கூடாது. ஈயம் 327 பாகையில் உருகும், அதன் தூசு சுவரிலும் மணலிலும் தங்கும், தவழும் பிள்ளையின் கையால் வாய்க்குப் போகும். பிள்ளைகளின் இரத்தத்தில் பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று கிடையாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. வார்ப்பதற்கு வீடுகளிலிருந்தும் கிணறுகளிலிருந்தும் விலகிய ஒரு கொட்டிலை மீனவர் சங்கத்தோடு பேசி ஒதுக்குங்கள்.

வீட்டுக்குள் இன்னும் மூன்று. ஒன்று, வெளிறும் தூளையும் மலசலகூட அமிலத்தையும் சேர்த்து ஊற்றினால் குளோரீன் வாயு வரும். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஓடிய காலத்தில் அந்த வாயுவின் மணம் தெரிந்தவர்கள் இங்கே இருந்தார்கள், இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. இரண்டாவது நுளம்புச் சுருள். ஒரு சுருள் எரிந்து முடிய விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. பூட்டிய அறையில் குழந்தையின் தலைமாட்டில் அது வேண்டாம், வலை போதும். மூன்றாவது, வெள்ளையாக்கும் பூச்சு. தயாரித்தவரின் முகவரி இல்லாத பூச்சுகளில் பாதரசம் இருக்கலாம், அது சிறுநீரகத்தைத் தாக்கும். அழகு நிலைய அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும்போது தட்டிலுள்ள ஒவ்வொரு பூச்சின் அட்டையையும் பாருங்கள்.

உபவிதி வர்த்தமானியில் வரக் காலம் எடுக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சந்தைகளை ஆண்டுதோறும் குத்தகைக்கு விடுகிறீர்கள், அனுமதிப்பத்திரங்களை ஆண்டுதோறும் புதுப்பிக்கிறீர்கள். நனைத்த கச்சான் கூடாது, காபைட் கூடாது, கைவிட்ட எண்ணெயை விற்கக் கூடாது, பொஸ்பைட் குளிசையைச் சில்லறையாக விற்கக் கூடாது என்ற நாலு நிபந்தனையையும் வரும் ஆண்டுக்கான ஒப்பந்தத்திலேயே சேர்க்கலாம். மாதிரி எடுத்தால் முடிவு வந்ததும், நல்லதோ கெட்டதோ, சந்தை அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். நல்ல முடிவு வந்த வியாபாரிக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் இல்லை.

நிபந்தனைகளின் வரைவு எழுதவும், ஈரமானியையும் எண்ணெய்ச் சோதனைத் தாளையும் பாவிக்கும் முறையைச் சபை ஊழியர்களுக்குக் காட்டவும் நாங்கள் வரத் தயார். சபை கூடும் நாளை மட்டும் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
வன்னியில் இரசாயனவியல், விவசாயம், பொதுச் சுகாதாரம் ஆகிய துறைகளில் கற்பிப்பவர்களும் பணிபுரிபவர்களும்